டேலியாவுக்கு ஏறிய சேலைன்

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பார்த்த சேலைன் ஒரு பூச்செடிக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்து டாக்டரய்யா தன் குவாட்டர்ஸ் வாசலில், கூரைச் சட்டத்தில் போத்தலைத் தலைகீழாகக் கட்டி, குழாயின் நுனியை ஒரு டேலியாத் தொட்டியின் மண்ணுக்குள் செருகியிருந்தார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, சொட்டின் வேகம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரத்தினபுரிப் பக்கத்து மழை எப்படியென்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இத்தனை தண்ணீர் விழுகிற ஊரில் செடிக்கு எதற்கு சேலைன் என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

"மழ அடிக்கும். இது ஊட்டும்" என்றார் அவர்.

உண்மையில் அவர் டாக்டர் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற உத்தியோகத்தர். நாங்கள் டாக்டரய்யா என்று கூப்பிட்டோம், அவரும் மறுக்கவில்லை. நுவரெலியாவுக்கு மேலே ஏதோ ஒரு குளிர் தோட்டத்தில் இருந்தவரை, பெல்மதுளைப் பக்கத்தில், பாதி தேயிலையும் பாதி றப்பருமாகக் கிடந்த எங்கள் தோட்டத்துக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள். அவர் உடம்பு மட்டும்தான் இங்கே வந்தது. டிசம்பர் பிறந்ததும் கம்பளித் தொப்பியை எடுத்துக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வார். நெற்றியில் வேர்வை வழியும். "வின்டர் வந்திருச்சு" என்பார். றப்பர் மரங்கள் இலை கொட்டுகிற காலத்தைத் தொரைமார் வின்டரிங் என்பார்கள். அதை விட்டால் எங்களுக்கு வேறு வின்டர் கிடையாது. எங்கள் டிசம்பர் என்பது காயாத துணி, காலில் அட்டை, றப்பர்ப் பால் வெட்ட முடியாததால் வேலையில்லாத நாட்கள்.

டிஸ்பென்சரியில் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. "என்னா" என்பார். நாம் சொல்லி முடிப்பதற்குள் எழுதி முடித்திருப்பார். வயிற்று வலியோ, காய்ச்சலோ, இடுப்புப் பிடிப்போ, எதுவானாலும் வெள்ளைக் குளிசையும் ரோஸ் நிறத் தண்ணி மருந்தும்தான். ஒருமுறை என் அம்மா, "வலி இந்தப் பக்கமுங்க ஐயா" என்று விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

"எந்தப் பக்கம் வலிச்சாலும் மருந்து வாயாலதான் போகும்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அதே மனிதரின் வாசலில் ரோஜா இலை ஒன்று சுருண்டுவிட்டால் பார்க்க வேண்டும். செடிக்கு முன்னால் குந்துவார். இலையை உள்ளங்கையில் ஏந்தி, பின்பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். "என்னம்மா செய்யுது உனக்கு" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் செய்வார். முறிந்த கிளைக்குக் குச்சி வைத்து பன்டேஜ் சுற்றுவார். வெட்டிய இடத்தில் பஞ்சால் ஊதா மருந்து தடவுவார். என் அப்பா பால் வெட்டும் கத்தி பட்டு விரலைக் கிழித்துக்கொண்டு போனபோது, "பன்டேஜ் முடிஞ்சுபோச்சு, வீட்டுலருந்து துணி கொண்டாந்தியா" என்றுதான் கேட்டார். பழைய சாரத் துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்த அப்பா, வழியில் அவர் வாசலில் வரிசையாக வெள்ளைக்கட்டுப் போட்டு நின்ற ரோஜாச் செடிகளைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "கடவுள் நம்மள ஒரு செடியாப் படைச்சிருந்தா என்னா கொறஞ்சிருப்பாரு" என்றார்.

டிசம்பர் நடுவில் டாக்டரய்யா லீவு போட்டுவிடுவார். தைப்பொங்கல் கழிந்துதான் திரும்ப வேலை. லீவில் எங்கும் போகமாட்டார். வாசல் முழுக்கப் பொலித்தீன் கூரை கட்டி, நத்தை ஏறாமல் தொட்டிகளைச் சுற்றி உப்புப் போட்டு, காலையிலிருந்து பொழுது சாயும் வரை குளிர்நாட்டுப் பூக்களோடு மல்லுக்கட்டுவார். டேலியா, கார்னேஷன், பேன்ஸி என்று அவர் பெயர் சொல்லுகிற எதுவும் எங்கள் மழையைத் தாங்காது. கிழங்கு அழுகும், தண்டு கறுக்கும், மொட்டு விரியுமுன் பூஞ்சணம் பிடிக்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் முகம் வாடுவார். காய்ச்சல்காரர்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றால், கையில் மண் ஒட்டியபடி அவரே வந்து, "ஐயா லீவு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய மகன் கொழும்பில் வங்கி உத்தியோகம். நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்குக் குடும்பத்தோடு வருவதுண்டு. ஒரு வருசம் வந்து பார்த்தபோது, அவர்களுக்கென்று இருந்த அறையில் தொட்டிகள் அடுக்கியிருந்தன. இலை காயட்டும் என்று மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. மகனும் மருமகளும் பிள்ளைகளும் ஹோலில் பாய் விரித்துப் படுத்தார்கள். விடிந்ததும், பொலித்தீன் ஒழுகுகிறதென்று ஆளுக்கொரு குடையைக் கொடுத்து ஆளுக்கொரு செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அடுத்த வருசத்திலிருந்து மகன் கித்துல்கலயில் ஒரு ஹோட்டல் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை ஆற்றில் படகு விளையாட விட்டுவிட்டு, ஒரு நாள் மட்டும் கேக்கோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கித்துல்கல எங்கள் தோட்டத்துக்கு வருகிற வழியிலேயே இல்லை.

இவரிடம் மருந்து வாங்குகிற வழியை எங்களுக்குச் சொல்லித் தந்தது அவர் மனைவிதான். டாக்டரம்மா என்போம். பின்வாசலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"வெறுங்கையோட வராதீங்க. ஒரு சீக்குச் செடியத் தூக்கிட்டு வாங்க. செடியப் பாத்தாருன்னா மனசு எளகும். அந்த நேரம் பிள்ளையக் காட்டிருங்க."

சொன்னபடியே நடந்தது. அதன்பிறகு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் ஒரு ரோஜாத் தொட்டி பொதுவில் இருந்தது. அதற்குக் காய்ச்சல் செடி என்று பெயர். யார் வீட்டில் நோயோ அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் அதன் இலையைப் பார்ப்பார், நாக்கைச் சப்புக்கொட்டுவார், மருந்து சொல்லுவார். சொல்லி முடிக்கிற நேரம் பார்த்து, "அப்புடியே இந்தப் பயலுக்கும் ஒடம்பு சுடுதுங்க" என்று பிள்ளையை முன்னால் தள்ள வேண்டும். செடிக்கு அவர் தந்த மருந்தை நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை. அது குணமாகிவிட்டால் எங்கள் கதி என்னாவது? ஒருமுறை அது தன்பாட்டில் தளிர்விட்டு நிமிர்ந்தபோது லயமே கவலைப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா கொஞ்சம் சுடுதண்ணி ஊற்றி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

பிறகு ஒரு வருசம் மழை வழக்கத்தைவிட மோசம். நான் பெல்மதுளையில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்கேர்ளாக வேலை செய்துகொண்டிருந்தேன். நத்தாருக்கு லீவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். பால் வெட்டு இல்லையென்று கீழே கிராமத்தில் ஒரு மாணிக்கக் குழிக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறார். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்ற வேலை. இப்போது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் இரண்டும் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். பாலத்துக்குப் பக்கத்தில் மண் சரிந்து கிடக்கிறது, மேலே வர முடியாது என்றார்கள். பழைய றப்பர் ரோட்டால் இறங்க தோட்டத்து லொறி ஒன்றுக்குத்தான் முடியும். டாக்டரய்யா சொன்னால்தான் லொறி கிடைக்கும்.

நானும் அம்மாவும் காய்ச்சல் செடியைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் வேறு உலகத்தில் இருந்தார். அந்த வருசம்தான் முதன்முறையாக டேலியா பூத்திருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு, கறுஞ்சிவப்பு. நத்தாருக்குக் கோயில் பீடத்தில் வைக்கப்போகிறாராம். அதே சேலைன் போத்தல் அதற்குச் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் செடியை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணுமில்ல. யாரோ சுடுதண்ணி ஊத்தியிருக்காங்க."

"அவருக்கு ரொம்ப முடியலீங்க ஐயா. கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு. லொறிக்கு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"மழைக்கு எல்லாருக்கும் காய்ச்சல் வரும். குளிசையக் குடு. நான் லீவு."

சொல்லிவிட்டு டேலியாவின் பக்கம் திரும்பி, தண்டுக்கு முட்டுக் கொடுக்க ஒரு குச்சி தேடினார். அம்மா கத்துகிற ஆள் இல்லை. கேட்டைத் தாண்டி உள்ளே போனாள், இரண்டு கையாலும் டேலியாத் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். சேலைன் குழாய் மண்ணிலிருந்து உருவிக்கொண்டு, தனியே தொங்கித் தரையில் சொட்டியது.

"ஏய், அத வை."

"வைக்கிறேங்க. எங்க வீட்டுல வைக்கிறேன்."

"அதுக்கு மழ ஆகாது."

"தெரியுமுங்க. அவருக்கும் ஆகாது."

அம்மா மழைக்குள் இறங்கிவிட்டாள். அவர் மூலையில் கிடந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடிவந்தார். ஓடிவந்து குடையை விரித்தது தனக்கல்ல. பூவுக்கு.

அந்த ஊர்வலத்தை லயத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். முன்னால் அம்மா, இடுப்பில் தொட்டி. பக்கத்தில் டாக்டரய்யா, கையை நீட்டிப் பூவுக்குக் குடை பிடித்தபடி, தான் முழுக்க நனைந்து, கம்பளித் தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுக. பின்னால் நான், யாருக்கும் வேண்டாத காய்ச்சல் செடியோடு. வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். ஆட்டாத, சாய்க்காத, அந்தப் பக்கம் கிளை இடிக்கும் என்று. ஓரிடத்தில் பாசியில் வழுக்கி விழப்போனவரை அம்மாதான் ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள். அப்போதும் குடை பூவை விட்டு விலகவில்லை.

வீட்டுக்குள் போனதும் அம்மா தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரப் பாருங்க. பாத்துட்டா குடுத்துர்றேன்."

வேறு வழியில்லாமல் பார்த்தார். முதலில் வேண்டா வெறுப்பாகத்தான். கண்ணிமையை இழுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றார். குந்தி உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கினார். அப்பா முனகினார்.

"மூத்திரம் போகுதா?"

"கொஞ்சமாத்தானுங்க. தேத்தண்ணி நெறத்துல."

"தண்ணியில நின்னியா? எங்க?"

"மாணிக்கக் குழியிலங்க."

"எலிக்காய்ச்சல்" என்றார். உடனே போனை எடுத்துத் தொரையிடம் இங்கிலீசில் நறுக்கென்று ஏதோ பேசினார். லொறியை லய வாசலுக்கே கொண்டுவரச் சொன்னார். படுக்க என்ன விரிப்பது, எப்படித் தூக்குவது, குடிக்க என்ன கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலே மாறியிருந்தது. எனக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை வருசமும் மன்னித்திருந்தோம். எல்லாம் தெரிந்திருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க ஒரு ரோஜா இலைக்குச் செலவழிக்கிற நேரம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை.

லொறி வந்தது. சாரதி சிங்களவர், நல்ல மனிதர். அப்பாவைத் தூக்கிப் பின்னால் கிடத்தியபின், அம்மாவின் கையிலிருந்த தொட்டியைப் பார்த்துவிட்டு, "மல இஸ்ஸரஹின் தியன்னத மாத்தயா?" என்று கேட்டார். பூவை முன்னால் வைக்கட்டுமா ஐயா என்று.

"ஒவ்" என்றார் டாக்டரய்யா. ஆமாம்.

"எபா" என்றாள் அம்மா. வேண்டாம்.

அம்மா தொட்டியோடு பின்னால் ஏறினாள். முன்சீற்றின் கதவைத் திறந்து வைத்திருந்த டாக்டரய்யா, அதை மூடிவிட்டு அவரும் பின்னால் ஏறினார். தோட்டத்து லொறியில் ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இரத்தினபுரி வரைக்கும் போனது அதுதான் முதல் தடவை என்று சாரதி பிறகு எல்லாரிடமும் சொன்னார். மழைக்குக் கூரையாகக் கட்டிய படங்குச் சீலைக்குக் கீழே நாங்கள் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் தலை என் மடியில். லொறி குலுங்கும்போதெல்லாம் டாக்டரய்யா ஒரு கையால் பூவின் தண்டைப் பிடித்தார். மற்றக் கை அப்பாவின் நாடியில் இருந்தது. எந்தக் கை முதலில் போனது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அங்க மேல தோட்டத்துல இது குப்ப மேட்டுல பூக்கும்" என்றார் திடீரென்று. "யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க."

"அப்ப அங்கயே இருந்திருக்கலாமேங்க" என்றாள் அம்மா.

"இருக்க விடலியே. அங்கயும் ஒரு பொம்பளதான். புருசனப் பாக்க நான் வரலன்னு தொரைகிட்ட எழுதிப்போட்டா."

அம்மா தொட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை வார்டில் சேர்த்து, கட்டிலில் கிடத்தி, நிஜமான சேலைன் ஏற்றத் தொடங்கியபின்தான் அம்மா வெளியே வந்து தொட்டியை நீட்டினாள்.

"இந்தாங்க."

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு எதழ் போச்சு" என்றார்.

அம்மா சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். லயத்திலிருந்து அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த அழுகை. டாக்டரய்யா தொட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஏதாவது சொல்லவேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "அழாத. அது பட்டுப்போகாது" என்றார். பூவைச் சொன்னாரா, அப்பாவைச் சொன்னாரா தெரியாது. போய் லொறியின் முன்சீற்றில் ஏறி, பூவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அப்பா புதுவருசம் கழிந்து, பாதி உடம்பாக, ஆனால் நடந்து வீடு வந்தார். நத்தாருக்கு டேலியா பீடத்தில் நின்றதாம். குளிர்நாட்டுப் பூவை இந்த வெக்கையில் மலர வைத்த அன்பைப் பற்றிப் பாதிரியார் பிரசங்கத்தில் நாலு வார்த்தை சொன்னாராம். பின்வரிசையில் யாரோ இருமிக்கொண்டு வெளியே போனார்களாம்.

அம்மா நன்றிக்கு முறுக்குச் சுட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்டவர் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வழியில தொட்டிய எங்கயாவது இடிச்சாளா" என்று கேட்டார். தொட்டிகளையெல்லாம் ஒரு சங்கிலியில் கோத்துத் தூணில் பூட்டியிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு கேட்டில் ஒரு பொம்பளையின் தலை தெரிந்தால் போதும், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவருவார். "என்னா, என்னா செய்யுது, யாருக்கு" என்று அங்கேயே வைத்துக் கேட்பார். லீவிலும் கேட்பார். நாங்கள் வாசலுக்குள் கால் வைக்காமல் இருந்தால் போதும் அவருக்கு. தோட்டத்தில் வைத்தியம் நன்றாக நடந்த காலம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நாலைந்து வருசம்தான். காய்ச்சல் செடியை யாரும் சீண்டாததால் அது பாட்டுக்கு வளர்ந்து பூத்துத் தள்ளியது.

பிறகு அவர் ஓய்வுபெற்று மகனுடைய கொழும்பு வீட்டுக்குப் போனார். அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியாம். லொறி நிறையத் தொட்டிகள் ஏறின. டாக்டரம்மாவின் அலுமாரிக்கு இடமில்லாமல் அது இங்கேயே நின்றுவிட்டது. வழியனுப்ப நிறையப் பேர் வந்திருந்தோம். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்தவர் இளம் பிள்ளை. நல்ல பிள்ளை. வந்ததும் வாசல் முழுக்க சீமெந்து போட்டுத் தன் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். கதிரை போட்டு உட்காரச் சொல்லுவார். நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார். சொல்வதை முழுக்கக் கேட்பார்.

போன டிசம்பரில் நான் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டில் இருந்தேன். மாதம் நெருங்கிய நேரத்தில் கால் வீங்கி, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, கண் மங்கியது. அதே மழை, பாலத்தடியில் அதே மண். அம்மா என்னைக் கைத்தாங்கலாகப் புதியவரின் குவாட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பிரஷர் பார்த்தார். அன்பாகத்தான் சொன்னார்:

"ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. ஆனா கம்பனி லொறியில ஆள் ஏத்தக் கூடாதுன்னு புதுச் சட்டம். நான் என்னம்மா செய்ய? எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

"ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன் தம்பி."

"கேட்டாலும் தரமாட்டாங்கம்மா. எனக்குப் புரியுது ஒங்க நெலம."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் கழுவிவிட்ட சீமெந்து. மோட்டார்சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத் தூக்க அவளால் ஏலாது.

சரிந்த மண் வரைக்கும் லயத்து ஆண்கள் என்னைக் கதிரையில் வைத்துத் தூக்கிவந்தார்கள். மண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு த்ரீவீல் காத்திருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள், மகள் நல்லபடியாகப் பிறந்தாள். த்ரீவீலில் போகும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரத்தினபுரி டவுன் தெரியத் தொடங்கியபோது சொன்னாள்.

"நல்ல மனுசன்தான் இந்தப் பிள்ள. ஆனா எங்கன புடிக்கிறதுன்னே தெரியல."